தாய் கேட்டது சலுகையன்று

தில்லியின் சாணக்யபுரி 1950களில் அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென வகுக்கப்பட்ட பகுதி. அது ஓர் ஆசிரியரின் பெயரைத் தாங்கி நிற்பதை அவ்வழியே செல்வோர் பெரும்பாலும் நினைப்பதில்லை. அரசியல் தந்திரியாகவே பொதுநினைவில் பதிந்துவிட்ட சாணக்கியர், மரபுக் கதைகளின்படி சந்திரகுப்தனுக்குக் கற்பித்தவர். அங்குள்ள சாலைகளின் பெயர்களும் பள்ளிச் சுவரில் எழுதத் தக்கவை: நீதி மார்க், நியாய மார்க், சத்ய மார்க், வினய் மார்க். 'வினயம்' என்ற சொல்லுக்கு இன்று பணிவு என்றே பொருள் கொள்ளப்படுகிறது. அர்த்தசாஸ்திரத்தில் அது பயிற்சியைக் குறிக்கும். அந்நூலின் முதல் அதிகரணமே வினயத்தைப் பற்றியது. பயிற்சி தகுதியுள்ள பொருளை மட்டுமே பண்படுத்தும், தகுதியற்றதைப் பண்படுத்தாது என்கிறார் கௌடில்யர். கேட்கும் விருப்பம், கேட்டல், பற்றிக்கொள்ளல், நினைவில் நிறுத்தல் முதலியவை உள்ளவனையே கல்வி செம்மைப்படுத்தும் என்பது அவருடைய கணக்கு.

அரசாளப் போகும் ஒருவனைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றும் நூலில் இக்கருத்துக்கு இடமிருக்கலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான பள்ளியில் அதற்கு இடமில்லை. ஆயினும் அது அங்கே வேறு சொற்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. 'கவனக்குறைவு', 'ஆர்வமில்லை', 'வீட்டில் பயிற்சி போதாது' என்று மாணவரின் நாட்குறிப்பில் எழுதப்படும் வரிகள் அனைத்தும் ஒன்றையே சொல்கின்றன: பொருள் சரியில்லை, பயிற்சியில் குறையில்லை.

சாணக்யபுரியின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழும் ஒரு தாய் மூன்று ஆண்டுகளாக இவ்வரிகளைப் படித்து வருகிறார். மத்திய அரசுப் பணியில் இடமாற்றம் பெற்றுத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். வந்தபோது மகன் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். இப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கிறான். ஊரில் இருந்தவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை. இங்கே வந்த இரண்டாம் ஆண்டு, பள்ளியில் நடந்ததை வீட்டில் சொல்வதை நிறுத்தினான். மூன்றாம் ஆண்டு, குறிப்பேடுகளைக் காட்டுவதையும் நிறுத்தினான். தாயைக் கலங்கச் செய்தது மதிப்பெண்ணைக் காட்டிலும் இந்த மௌனமே.

அவர் பையிலிருந்த குறிப்பேடுகளை எடுத்து, மகனின் பிழைகளைத் தனியொரு நோட்டில் வகைபிரித்து எழுதத் தொடங்கினார். சில வாரங்களில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. இந்தியில் உணவைக் குறிக்கும் சொல் ஒன்று, பாட்டைக் குறிக்கும் சொல் ஒன்று, ஒற்றைக்கண்ணனைக் குறிக்கும் சொல் ஒன்று. மூன்றையும் தமிழில் எழுதினால் 'கானா' என்றே வரும். இந்தியில் அவை மூன்று வேறு எழுத்துகளில் தொடங்குபவை. ககர வரிசையில் மூச்சொலியாலும் குரலொலியாலும் வேறுபடும் நான்கு எழுத்துகள் அம்மொழிக்கு உண்டு, தமிழுக்கு ஒன்றே. 'கல்' என்னும்போது ஓர் ஒலியும் 'தங்கம்' என்னும்போது வேறோர் ஒலியுமாக, இடம் நோக்கி அது தானே மாறிக்கொள்ளும். அந்த ஒழுங்கில் வளர்ந்த காது, சொல்வதெழுதுதலின்போது நான்கு எழுத்துகளில் எதை எழுதுவது என்று தடுமாறும். இந்தியில் புத்தகம் பெண்பால், வீடு ஆண்பால். தமிழ்க் குழந்தைக்கு இரண்டும் அஃறிணை. மகனின் இந்திப் பிழைகளில் பெரும்பகுதி இவ்விரு வகைகளில் அடங்கியது. அவை கவனக்குறைவால் வந்தவை அல்ல. தமிழைக் கவனமாகக் கற்றதனால் வந்தவை.

ஆனால் எல்லாப் பிழைகளும் அவ்வாறு அடங்கவில்லை. ஆங்கிலம் வாசிக்கும்போது அவன் ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவினான். பி, டி என்னும் இரு சிற்றெழுத்துகளை ஐந்தாம் வகுப்பிலும் மாற்றி எழுதினான். தமிழ்ப் பாடநூலைக் கொடுத்தபோதும் விரலை வைத்தே வாசித்தான். இதற்கு மொழிமாற்றம் காரணமாகத் தோன்றவில்லை. வகுப்பறையில் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதும் இப்படி நேர்கிறதா, வாய்மொழியாகக் கேட்டால் விடை சொல்கிறானா என்பன தாய்க்குத் தெரிய வழியில்லை. ஆசிரியருக்கு மட்டுமே தெரியக்கூடியவை அவை. அதைக் கேட்கவே அவர் பெற்றோர் சந்திப்பு நாளன்று அந்த நோட்டுடன் சென்றார்.

கிடைத்த விடைகள் மூன்று. பையன் கவனமாக இருந்தால் போதும். டியூஷன் வைத்தால் சரியாகிவிடும். தமிழ்நாட்டிலிருந்து வந்த மற்றப் பிள்ளைகள் நன்றாகத்தானே படிக்கிறார்கள். நோட்டின் இரண்டு பக்கங்களைப் புரட்டிய ஆசிரியை அதைத் திருப்பித் தந்தார். வரிசையில் வேறு பெற்றோர் காத்திருந்தனர். தாயின் குரல் சற்று உயர்ந்தது. அன்று முதல் பள்ளி அவரை 'புகார் சொல்லும் பெற்றோர்' என்ற வகையில் வைத்தது. அதன்பின் அவர் எதைக் கேட்டாலும் முதலில் மனநிலை அளக்கப்பட்டது. கேள்வி பின்னால் நின்றது.

இந்த இடத்தில் கும்பகோணத்தின் இன்னொரு தாயை நினைப்பது பொருத்தம். 1904இல் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதத்துக்கான பரிசு பெற்று வெளியேறிய சீனிவாச இராமானுஜன், உதவித்தொகையுடன் அவ்வூர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார், உதவித்தொகை போயிற்று. ஒரு பருவத்துக்குக் கட்டணம் 32 ரூபாய். துணிக்கடைக் கணக்கரான தந்தையின் மாதச் சம்பளம் 20 ரூபாய் அளவே. தாய் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடிக் கிடைத்ததையும் சேர்த்தே குடும்பம் நடந்தது. அவர் சினத்துடன் கல்லூரி முதல்வரிடம் சென்றார் என்று இராமானுஜனின் வாழ்க்கையை 1991இல் நூலாக எழுதிய ராபர்ட் கனிகெல் பதிவுசெய்கிறார். கணிதத்தில் இணையற்ற மாணவனுக்கு உதவித்தொகையை எப்படி மறுக்கலாம் என்பது தாயின் கேள்வி. முதல்வர் மரியாதையாகப் பேசினார். ஆனால் விதி விதிதான் என்றார். 1905இல் இராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் அதே கதை தொடர்ந்தது. எஃப்.ஏ. தேர்வில் அவரால் தேற முடியவில்லை.

விதி விதிதான் என்ற அந்த விடையை மட்டும் தனியே பார்த்தால் அதில் குற்றம் காண்பது கடினம். எட்டு ஆண்டுகள் கழித்து நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1913 பிப்ரவரியில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது இராமானுஜனின் குறிப்பேட்டைக் கண்டு பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கென இருந்த ஆய்வு உதவித்தொகை, இளநிலைப் பட்டமும் இல்லாத இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாயாக அவ்வாண்டே வழங்கப்பட்டது. நிறுவனம் வேறு, நிலை வேறு என்பது உண்மை. ஆயினும் ஒன்று தெளிவாகிறது: விதியை நெகிழ்த்தும் வழி கல்வி உலகில் எப்போதும் இருந்தது. தாய் கேட்டபோது அது கண்ணில் படவில்லை. கேம்பிரிட்ஜில் பயின்ற அதிகாரி எழுதியபோது கண்ணில் பட்டது. அந்த இரு நிகழ்வுகளுக்கும் இடையே ஓர் இளைஞன் பட்டினியோடு கழித்த ஆண்டுகள் கிடக்கின்றன.

இராமானுஜனின் கதையைப் பள்ளி விழா மேடைகளில் சொல்லும் முறை வேறு. தேர்வில் தோற்றவர் மேதையானார், ஆகவே எவரும் சோர வேண்டாம் என்று முடிப்பார்கள். அந்த முடிவு கோமளத்தம்மாளுக்கு நியாயம் செய்வதில்லை. மகன் பின்னாளில் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானதால்தான் அவர் சினம் சரியானதாயிற்று என்றால், மேதையாகாத பிள்ளைகளின் தாய்மார்க்குச் சினம் கொள்ள உரிமை இல்லை என்றாகும். அவர் கேட்ட கேள்வி மகன் சாதாரணக் கணக்காளராக முடிந்திருந்தாலும் சரியான கேள்வியே: ஒன்றில் தவறியவனை எல்லாவற்றிலும் கைவிடுவது எதற்காக? அந்தக் கேள்விக்கு முதல்வர் தந்தது விடையன்று, விதியின் நகல். சாணக்யபுரித் தாயின் மகன் மேதையல்லன். தாயும் அப்படிச் சொல்லவில்லை. அவன் திணறுகிறான், ஏன் என்று சேர்ந்து பார்ப்போம் என்பதே அவர் வேண்டியது.

இன்று அதற்குச் சட்டமே துணை நிற்கிறது என்பது பல பெற்றோர்க்குத் தெரியாது. சில பள்ளிகளுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பித்தல் அவற்றுள் ஒன்று. பெற்றோரைத் தவறாமல் சந்தித்துக் குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவித்தல் மற்றொன்று. 28ஆம் பிரிவு ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடைசெய்கிறது. ஆக, 'டியூஷன் வையுங்கள்' என்னும் அறிவுரை, சட்டம் பள்ளியின் தோளில் வைத்த சுமையைப் பெற்றோரின் பணப்பைக்கு மாற்றுகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றது. மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முந்தியதோ அப்போதே, ஆசிரியர்கள் முதற்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என 2018இன் வழிகாட்டு நெறிகள் கூறின. முதலில் பார்க்கும் கடமை பள்ளிக்கே உரியது. தமிழ்க் குழந்தை தில்லியில் படிக்கும்போது இன்னொரு சிக்கலும் எழுகிறது. எந்த மொழியில் சோதிப்பது? மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் இந்திய மொழிகளுக்கான வாசிப்புக் குறைபாட்டுச் சோதனையை வெளியிட்டபோது அது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கில் அமைந்திருந்தது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இரு மொழிகள் என்றுள்ள பிள்ளையிடம் காண்பது குறைபாடா, புதுமொழியின் தடுமாற்றமா, இரண்டுமா என்று பிரித்தறிவது நிபுணருக்கே எளிதன்று. அதற்கு முதற்சான்று வீட்டுமொழியில் அக்குழந்தை எப்படி வாசிக்கிறது என்பது. அந்தச் சான்று தாயின் நோட்டில் இருந்தது. இரண்டு பக்கங்களுக்கு மேல் அதை எவரும் படிக்கவில்லை.

காலமும் இப்போது நெருக்குகிறது. 2019இன் திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்தித் தேறாதவரை நிறுத்திவைக்க அரசுகளுக்கு வழிவிட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு அதற்கான விதிகளை வெளியிட்டது. தவறிய பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சியும் இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வும் உண்டு. மறுதேர்விலும் தவறினால் அதே வகுப்பு. அவ்வாறு நிறுத்தப்பட்ட குழந்தையின் இடைவெளிகளைக் கண்டறிந்து வகுப்பாசிரியர் தனிக்கவனம் தர வேண்டும், தேவையானால் பெற்றோர்க்கும் வழிகாட்ட வேண்டும் என்று அவ்விதிகள் சொல்கின்றன. நல்ல விதி. ஆனால் இடைவெளியைக் கண்டறிய ஏன் தோல்வி வரை காத்திருக்க வேண்டும்? தாய் அதைத் தேர்வுக்கு ஆறு மாதங்கள் முன்பே கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

தமிழ் இலக்கண மரபு இவ்விடத்தில் கௌடில்யரைவிட ஒருபடி நேர்மையானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் மாணாக்கரை வகைப்படுத்துகிறது. அன்னமும் பசுவும் போன்றோர் தலை, மண்ணும் கிளியும் போன்றோர் இடை, ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றோர் கடை. கற்பிக்கத் தகாதோர் பட்டியலில் நோயாளியையும் மந்தனையும் சேர்க்கவும் அது தயங்கவில்லை. இதுவரை கௌடில்யரின் வழிதான். ஆனால் பவணந்தியார் அங்கே நிற்காமல் ஆசிரியராகத் தகாதவர்களையும் பட்டியலிடுகிறார். இட்ட முறையில் வெளிவராத கழற்குடம், ஏற விடாமல் தானாக விழுவதை மட்டும் தரும் மடற்பனை, வருந்தி அடைத்து வருந்தி எடுக்க வேண்டிய பருத்திக்குண்டிகை, நீரூற்றியவன் ஒருவனிருக்க அயலான் முற்றத்தில் காயை உதிர்க்கும் முடத்தெங்கு. பள்ளியில் கற்பிக்காததை மாலை வகுப்பில் கற்பிக்கும் வழக்கத்துக்கு முடத்தெங்கைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. பாடம் சொல்லும் முறையைப் பேசும்போதோ, ஏற்பவன் எவ்வகையில் ஏற்கிறான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு தர வேண்டும் என்கிறது நன்னூல். இன்றைய மதிப்பெண் அட்டையில் மாணாக்கர் பட்டியல் மட்டுமே எஞ்சியிருக்கிறது. மற்றப் பக்கங்கள் கிழிந்துபோயின.

ஆசிரியையைக் கொடியவராகக் காட்டுவது இங்கே நோக்கமன்று. தொடக்க வகுப்பில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டத்தின் அளவு. வகுப்பில் அதற்கு மேலிருந்தால் அவரே பாதிக்கப்பட்டவர். பதிவேடுகள், மதிப்பெண் உள்ளீடு, விழா ஒத்திகை, தேர்தல் பணி என்று அவருடைய நேரத்தைக் கூறுபோடுவோர் பலர். தமிழின் ஒலியமைப்பை அவருக்கு யாரும் கற்பித்ததில்லை. அவ்வாறு கற்பிக்காத ஆசிரியர் பயிற்சிக்குப் பொறுப்பானவர்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். தனக்குத் தெரியாத ஒன்றைப் பெற்றோர் கொண்டுவரும்போது அதை ஏற்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். வினயம் என்ற சொல்லின் இரு பொருள்களும் ஒன்றுசேரும் இடம் அதுதான்.

இந்தத் தாய்க்கு ஆங்கிலம் தெரியும், அலுவலகத்தில் குறிப்பு எழுதிப் பழக்கம் உண்டு, சட்டப் பிரிவைத் தேடிப் படிக்கும் வசதியும் உண்டு. அவருக்கே இரண்டு நிமிடங்கள்தான் கிடைத்தன. இதே சாணக்யபுரியில் தூதரக மதில்களுக்கு அப்பால் விவேகானந்தர் முகாம் போன்ற குடிசைப் பகுதிகளும் உள்ளன. வீட்டுவேலைக்கும் தோட்டவேலைக்கும் செல்லும் ஒரு தாய், கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்து, தனக்கு வாசிக்கத் தெரியாத நாட்குறிப்பில் கைநாட்டு வைத்துத் திரும்பும்போது அவரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. பிள்ளை இரவில் எந்த வெளிச்சத்தில் படிக்கிறது, எதை விரும்பிச் சொல்கிறது, எந்தப் பாடத்தின்போது வயிற்றுவலி என்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிழைகளை வகைபிரித்து எழுத அவரால் இயலாது. ஆனால் கேட்டால் சொல்வார். சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோருக்குத் தந்திருக்கிறது. அரசின் உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு அப்பிரிவு பொருந்தாது. பொருந்தும் பள்ளிகளிலும் நாற்காலி கிடைப்பது ஒன்று, கேள்வி கிடைப்பது வேறு.

பெற்றோர் சந்திப்பு என்பது பள்ளி சொல்லப் பெற்றோர் கேட்கும் நிகழ்வாகவே நடந்துவருகிறது. அதன் முதல் இரண்டு நிமிடங்களைத் திருப்பிவைப்பதற்குப் புதிய சட்டம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். 'வீட்டில் இவன் எப்படிப் படிக்கிறான்? நீங்கள் என்ன கவனித்தீர்கள்?' என்று ஆசிரியர் முதலில் கேட்டு, விடையை ஒரு வரியில் எழுதிக்கொண்டால் போதும். அந்த வரி அடுத்த ஆசிரியருக்குச் செல்லும். தேவைப்பட்டால் நிபுணருக்கும் செல்லும். ஐந்தாம் வகுப்புத் தேர்வு மார்ச்சில் வருகிறது. சாணக்யபுரியின் அந்தச் சிறுவனின் பெயர்க்கு நேரே இன்னும் 'கவனக்குறைவு' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது.